பல இனத்தார் வேலை செய்யும் இடங்கள்: உலக நாடுகளின் கணக்கும் நமது கணக்கும்



வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தால், சம்பளத்தை விசாரித்த கையோடு இன்னொன்றையும் கேட்பார்கள். “அங்கே நம்மாளுங்க நிறைய இருக்காங்களா பாய்?” நியாயமான கேள்விதான். தொழுகைக்கு இடம் கிடைக்குமா, ஹலால் சாப்பாடு கிடைக்குமா, பையன் தனியாகக் கிடந்து தவிப்பானா என்ற கவலையெல்லாம் அதற்குள் இருக்கிறது. ஆனால் இந்தக் கேள்விக்கு “இருக்காங்க” என்று பதில் கிடைத்ததும் நிம்மதி அடைந்துவிடுகிறோம். இருப்பவர்கள் எந்த வேலையில் இருக்கிறார்கள், என்ன சம்பளத்துக்கு இருக்கிறார்கள், பத்து வருஷம் கழித்தும் அதே இடத்தில்தான் இருப்பார்களா என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த ஊரைப் பற்றி உண்மையாகத் தெரியவரும். வெவ்வேறு நாடுகள் இதை எப்படிக் கணக்கிடுகின்றன, நம் நாட்டில் எப்படி, நம் ஊரில் எப்படி என்று இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

நம் பிள்ளைகள் அதிகம் போகும் வளைகுடாவிலிருந்து தொடங்கலாம். பல இன மக்கள் கலந்து வாழும் இடம் என்று பார்த்தால் கத்தாரையும் ஐக்கிய அரபு அமீரகத்தையும் மிஞ்ச ஆள் இல்லை. அங்கே சொந்த நாட்டவர் பத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். மீதிப் பேர் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், நேபாளிகள், பிலிப்பைன்ஸ்காரர்கள், எகிப்தியர், ஐரோப்பியர். ஒரே கட்டடத்தில் பத்து மொழி கேட்கும். ஆனால் பெரும்பாலும் எந்தப் பாஸ்போர்ட்டோ அதற்கேற்ற வேலை, அதற்கேற்ற சம்பளம், அதற்கேற்ற தங்குமிடம் என்றுதான் அந்தக் கலப்பு அமைந்திருக்கிறது. இனப்பாகுபாடு குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2019-இல் கத்தாருக்குச் சென்று பார்த்துவிட்டு, பிறந்த நாட்டை வைத்தே ஒருவரின் நிலை தீர்மானிக்கப்படுகிறது, நடைமுறையில் இது ஒரு சாதி அமைப்புப் போல இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். சாதி என்ற சொல்லை வைத்து ஒரு முஸ்லிம் நாட்டை விவரித்ததைப் படிக்கும்போது நமக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அபிசீனியாவின் பிலால் (ரலி), பாரசீகத்தின் சல்மான் (ரலி), ரோம நாட்டில் வளர்ந்த ஸுஹைப் (ரலி) ஆகியோரை ஒரே ஸஃபில் நிறுத்திய மார்க்கம் நம்முடையது. பள்ளிவாசலுக்குள் அது இன்றும் நடக்கிறது. சம்பளப் பட்டியலில் நடப்பது வேறு.

மாற்றம் வராமலும் இல்லை. கத்தார் அரசு 2021 மார்ச் முதல் எந்த நாட்டவராக இருந்தாலும் மாதம் 1,000 ரியால் அடிப்படைச் சம்பளம் என்று சட்டம் கொண்டுவந்தது. தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி கொடுக்காவிட்டால் அதற்கு 500 ரியாலும் 300 ரியாலும் தனியாகத் தர வேண்டும். வேலை மாறுவதற்குப் பழைய முதலாளியின் ஒப்புதல் கடிதம் வேண்டும் என்ற நிபந்தனையும் 2020-இல் நீக்கப்பட்டது. கத்தாருக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பத்தார் ஒப்பந்தத்தில் இந்த மூன்று தொகைகளும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 1,000 ரியாலுக்குள்ளேயே சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அடக்கம் என்று ஏஜெண்ட் சொன்னால் கையெழுத்துப் போடும் முன் எங்களிடம் காட்டுங்கள்.

சிங்கப்பூர் இதற்கு நேர் எதிரான வழியில் போன நாடு. அங்கே ஒவ்வொருவரின் அடையாளப் பதிவிலும் இனம் என்ன என்பது இருக்கும்: சீனர், மலாய், இந்தியர், மற்றவர். 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்தவர்களில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. 1964-இல் நடந்த இனக் கலவரத்தை அந்த நாடு மறக்கவில்லை. ஒரே இனத்தவர் ஒரே பேட்டையில் குவிந்தால் ஆபத்து என்று கருதி, 1989 மார்ச்சில் அரசுக் குடியிருப்புகளுக்கு ஓர் உச்சவரம்பு விதித்தார்கள். குடியிருப்பாளர்களில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு வசிப்பது இந்த அடுக்குமாடி வீடுகளில்தான். இப்போதைய விதிப்படி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் சீனர் 87 விழுக்காட்டுக்கு மேலும், மலாய்க்காரர் 25-க்கு மேலும், இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15-க்கு மேலும் போகக் கூடாது.

இதில் நல்லதும் உண்டு, நட்டமும் உண்டு. மின்தூக்கியில் ஏறினால் பக்கத்தில் மலாய்க் கிழவியும் சீனப் பையனும் நிற்பார்கள். ஒருவர் சமையல் வாசம் இன்னொருவருக்குப் பழகிப் போயிருக்கும். “முஸ்லிமுக்கு வீடு வாடகைக்கு இல்லை” என்ற சொல்லைச் சென்னையிலும் பெங்களூரிலும் கேட்டு வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். (தனியார் வாடகை வீட்டுக்காரர்கள் அங்கேயும் இனம் பார்க்கிறார்கள் என்ற புகார் உண்டு, மனித மனம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.) நட்டம் என்னவென்றால், வரம்பு எட்டிவிட்ட கட்டடத்தில் ஓர் இந்தியர் தன் வீட்டை விற்க நினைத்தால் இன்னோர் இந்தியருக்கோ அதே பிரிவினருக்கோதான் விற்க முடியும். வாங்கும் ஆள் குறைவு என்பதால் விலையும் குறையும். இந்தக் கஷ்டம் சிறுபான்மையினருக்கே அதிகம் என்பதை அரசே ஏற்றுக்கொண்டு, நீண்ட நாள் விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டைத் தானே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022-இல் அறிவித்தது.

வேலை இடத்தில் சிங்கப்பூர் மெதுவாகத்தான் நகர்ந்தது. அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் தலையில் முக்காடு அணிய 2021 நவம்பரில்தான் அனுமதி கிடைத்தது. இனம், மதம், மொழி, நாடு ஆகியவற்றைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியது. 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு உண்டு. நம் பிள்ளைகள் பலர் போவது சிறிய கடைகளுக்கும் உணவகங்களுக்கும் என்பதால் இந்த விலக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனம் என்ற சொல்லே ஊருக்கு ஊர் மாறும் என்பதற்கும் சிங்கப்பூரில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2017-இல் அதிபரான ஹலீமா யாக்கோப் அவர்களின் தந்தை இந்திய முஸ்லிம். அந்த முறை அதிபர் தேர்தல் மலாய் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தாய்வழி மலாய், வாழ்ந்த சமூகம் மலாய் என்ற வகையில் அவர் மலாய்க்காரராகவே ஏற்கப்பட்டார். அங்கே அது பெரிய பேச்சானது. பக்கத்து மலேசியாவில் இதை அரசியல் சாசனமே எழுதி வைத்திருக்கிறது. இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய்ப் பண்பாட்டைக் கடைப்பிடிப்பவரே மலாய்க்காரர் என்பது அதன் 160-ஆவது பிரிவு. 1969 கலவரத்துக்குப் பிறகு 1971-இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை மலாய்க்காரரையும் பிற மண்ணின் மைந்தர்களையும் முன்னேற்றுவதற்கானது. பினாங்கில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் இந்தச் சலுகையில் நாங்கள் உள்ளேயா வெளியேயா என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கின்றன. மார்க்கம் ஒன்று, மொழியும் பூர்வீகமும் வேறு. அப்படிப்பட்டவர்கள் எந்தக் கட்டத்தில் பெயரை எழுதுவது?

அமெரிக்கா செய்த காரியம் ஒன்று நமக்குப் பயன்படும். 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் இனம், நிறம், மதம், பிறந்த நாடு, ஆண் பெண் என்று பார்த்து வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. சட்டம் போட்டதோடு விடாமல், 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும் என்றும் வைத்தார்கள். அந்தப் படிவத்தில் மொத்தம் எத்தனை பேர் என்று எழுதினால் போதாது. மேலதிகாரிகள், நடுநிலை நிர்வாகிகள், தொழில்நுட்பப் பணியாளர், எழுத்தர், கூலியாள் என்று படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் எந்த இனத்தார் எத்தனை பேர் என்று எழுத வேண்டும். இப்படி எழுதும்போதுதான் உண்மை வெளியே வரும். கூகுள் நிறுவனம் 2014-இல் முதல்முறையாகத் தன் கணக்கை வெளியிட்டபோது, மொத்த ஊழியரில் ஆசியர் 30 விழுக்காடு. தலைமைப் பொறுப்புகளில் 23. கறுப்பினத்தவர் மொத்தத்திலேயே 2 விழுக்காடுதான். நம் நாட்டவர் ஒருவர் மேலே போய்விட்டார் என்று நாம் பெருமைப்படுவது சரி; கீழே உள்ள இடைவெளியைக் காட்டியது அந்தப் படிவத்தின் முறைதான். அந்த நாட்டிலும் காற்று திரும்பியிருக்கிறது. அரசு ஒப்பந்ததாரர்கள் சம வாய்ப்புக்கு முயற்சி எடுக்க வேண்டும் என்று 1965 முதல் இருந்த அதிபர் ஆணை 2025 ஜனவரியில் ரத்து செய்யப்பட்டது. 1964-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே நிற்கிறது.

எண்ணவே மாட்டோம் என்று இருப்பது பிரான்ஸ். குடிமகன் என்றால் குடிமகன்தான், இனமும் மதமும் அரசுக்குத் தேவையில்லை என்பது அவர்கள் கொள்கை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம், மதம் கேட்பதில்லை; அப்படிப்பட்ட விவரங்களைத் திரட்டுவதை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2009-இல் சில ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். செனகல் வம்சாவளிப் பெண்கள் இருவர் என்று கற்பனையாக வைத்து, இருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்று, படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று. ஒருவர் மேரி, இன்னொருவர் கதீஜா. கிறிஸ்தவர் என்று தெரிந்தவருக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. அரசு எண்ணாமல் விட்டாலும் முதலாளியின் கண் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. எண்ணாததால், கதீஜா தனக்கு நடந்தது அநியாயம் என்று நிரூபிக்கக் கணக்கு இல்லாமல் போகிறது.

இனி நம் நாடு. மேலே சொன்ன சோதனையைப் போன்ற ஒன்றைச் சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தியாவிலேயே செய்து 2007-இல் வெளியிட்டார்கள். செய்தித்தாள்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுடன், பெயர் மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள்: உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால், தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. விண்ணப்பதாரரின் முகத்தையோ தாடியையோ யாரும் பார்க்கவில்லை. உறைமேல் இருந்த பெயர் ஒன்றுதான்.

இதற்கு ஓராண்டு முன்பு, 2006 நவம்பரில், நீதிபதி ராஜேந்தர் சச்சார் குழுவின் அறிக்கை வந்தது. அப்போது நாட்டு மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 13.4 விழுக்காடு. இந்திய ஆட்சிப் பணியில் 3, காவல் பணியில் 4, வெளியுறவுப் பணியில் 1.8. இவற்றை நம்மில் பலர் பயான்களில் கேட்டிருப்போம். அதே அறிக்கையில் இருக்கும் ரயில்வே கணக்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ரயில்வேயில் முஸ்லிம்கள் 4.5 விழுக்காடு, அவர்களிலும் ஏறத்தாழ 98.7 விழுக்காட்டினர் கீழ்நிலைப் பணிகளில். மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தவருக்கு 4.5 என்பது ஆட்சிப் பணியைவிடப் பரவாயில்லை என்று தோன்றும். படிவாரியாகப் பார்த்தால் அங்கே மேலே ஆளே இல்லை.

சச்சார் குழு ஒரு வழியும் சொன்னது. கல்வி நிலையங்கள், வேலை இடங்கள், குடியிருப்புகளில் எவ்வளவு பன்முகத்தன்மை இருக்கிறது என்பதை ஒரு குறியீட்டெண்ணால் அளந்து, நல்ல எண் பெறுபவர்களுக்கு அரசு ஊக்கம் கொடுக்கலாம் என்றது. அதை எப்படி அளப்பது என்று சொல்ல அமிதாப் குண்டு தலைமையில் நிபுணர் குழு அமைத்தார்கள். 2008-இல் அதுவும் அறிக்கை கொடுத்தது. குறியீட்டெண் நடைமுறைக்கு வரவில்லை. இன்று பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்கள் பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று வெளியிட வேண்டும். மதமோ சாதியோ சொல்ல வேண்டியதில்லை. அதாவது தனியார் துறையைப் பொறுத்தவரை நாமும் பிரான்ஸ் வழியில்தான் இருக்கிறோம்.

அல்ஹம்துலில்லாஹ், தமிழ்நாட்டில் அரசு வேலையிலும் கல்வியிலும் நிலைமை வேறு. 2007-இல் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கும் அதே 3.5 கொடுத்தார்கள், பொதுப் பட்டியலில் இருப்பதே தங்களுக்கு நல்லது என்று அவர்கள் 2008-இல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாம் வைத்துக்கொண்டோம். 2011 கணக்கின்படி தமிழகத்தில் நாம் 5.86 விழுக்காடு.

இந்த 3.5 விழுக்காட்டுக்குள் நுழையும் வாசல் ஒரு காகிதம். அன்சார், தக்னி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் ஆகிய ஏழு பெயர்கள்தான் மாநிலப் பட்டியலில் உள்ளன. லப்பை என்பதில் தமிழ் பேசினாலும் உருது பேசினாலும் சேர்த்தி. ஆனால் பள்ளியில் சேர்க்கும்போது சாதி என்ற இடத்தில் “முஸ்லிம்” என்றோ “இஸ்லாம்” என்றோ மட்டும் எழுதி வந்துவிடுகிறோம். வாப்பா சான்றிதழில் ஒரு பெயர், மகன் டி.சி.யில் இன்னொரு பெயர், தங்கைக்கு எதுவுமே இல்லை என்று ஒரே வீட்டில் மூன்று விதம் இருக்கிறது. கலந்தாய்வு நேரத்தில் இதைச் சரிசெய்ய இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் ஓடினால் நாள் போதாது. ஒன்றிய அரசின் ஓ.பி.சி. பட்டியல் வேறு, அதற்கான சான்றிதழும் வேறு; மத்திய அரசுத் தேர்வு எழுதும் பிள்ளைகள் இரண்டிலும் தங்கள் பிரிவு இருக்கிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் வருகிறது. 2027 மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படையாக வைத்து எடுக்கப்படும் இந்தக் கணக்கில் சாதி விவரமும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. “இஸ்லாத்தில் சாதி ஏது, அதை ஏன் சொல்ல வேண்டும்” என்று சிலர் கேட்கிறார்கள். மார்க்கத்தில் உயர்வு தாழ்வு இல்லை என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 13-ஆம் வசனம் மக்கள் பல சமூகங்களாக இருப்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத்தான் என்கிறது. அரசு வைத்திருப்பது பின்தங்கிய நிலையை அளக்கும் பட்டியல். அதில் நம் பெயர் எழுதப்படாவிட்டால், நாளை 3.5 போதுமா போதாதா என்ற விவாதத்தில் நம்மிடம் எண் இருக்காது. மதம் கேட்டால் இஸ்லாம், சாதி கேட்டால் சான்றிதழில் உள்ள பெயர், தாய்மொழி கேட்டால் வீட்டில் உண்மையாகப் பேசும் மொழி. தமிழ் பேசும் வீட்டார் தமிழ் என்றே சொல்லுங்கள், உருது பேசுபவர் உருது என்று சொல்லுங்கள். கௌரவத்துக்காக மாற்றிச் சொல்ல வேண்டாம்.

இவ்வளவும் நாம் வேலை கேட்கும் இடத்தில் நிற்கும்போது. நாமே வேலை கொடுக்கும் இடத்தில் நிற்பதும் உண்டு. பரமத்தி வேலூர் வட்டாரத்தில் இன்று வெல்ல ஆலைக் கொட்டகைகளிலும் கோழிப்பண்ணைகளிலும் செங்கல் சூளைகளிலும் ஓட்டல்களிலும் ஒடிசா, பீகார், வங்காளம், அஸ்ஸாம் ஆட்கள் இல்லாமல் வேலை ஓடாது. பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வரும் வெல்லத்தில் அவர்கள் உழைப்பும் இருக்கிறது. 2023 மார்ச்சில் தமிழகத்தில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று போலிக் காணொளிகள் பரவி, பீகார் அரசு குழு அனுப்பி விசாரிக்கும் அளவுக்குப் போனது. அந்தக் காணொளிகள் பொய். ஆனால் அதே ஆண்டு நம் ஜேடர்பாளையம் பக்கத்தில் ஒரு கொலை வழக்கைத் தொடர்ந்து ஆலைக் கொட்டகைகளுக்குத் தீ வைக்கப்பட்டதும், தூங்கிக்கொண்டிருந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் எரிகாயப்பட்டு அதில் ஓர் இளைஞர் இறந்துபோனதும் பொய்யில்லை. கத்தாரில் நம் பையன் தங்கியிருக்கும் அறையை நினைத்துக்கொண்டு இந்தச் செய்தியைப் படித்துப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் வங்காளத்தையும் அஸ்ஸாமையும் சேர்ந்த சகோதரர்கள் நம்மோடு தோளோடு தோள் நிற்கிறார்கள். ஸலாம் கொடுத்த பிறகு? ஐந்து வருஷமாக நம் கடையில் மூட்டை தூக்கும் பையன் தமிழ் பேசக் கற்றுவிட்டான், கணக்கும் தெரியும். பில் போடும் இடத்துக்கு அவனை உட்கார வைத்திருக்கிறோமா? அதே வேலைக்கு உள்ளூர்க்காரருக்கு என்ன கூலி, அவனுக்கு என்ன கூலி? வீடு வாடகைக்குக் கேட்டால் “இந்திக்காரங்களுக்கு விடறதில்லை” என்று சொல்பவர்களில் நம்மவரும் இருக்கிறார்கள். அமெரிக்கப் படிவத்தைப் போல நம் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் ஒரு தாளில் படிவாரியாக எழுதிப் பார்த்தால் என்ன வரும் என்பதை அவரவர் கடையில் அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

நமது அறக்கட்டளை இரண்டு ஏற்பாடுகள் செய்திருக்கிறது. சான்றிதழ்களில் பெயர் மாறுபாடு உள்ளவர்கள் குடும்பத்தார் அனைவரின் டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், ரேஷன் அட்டை நகல்களைச் சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். எதை எங்கே திருத்த வேண்டும் என்று பார்த்து மனு எழுதித் தருகிறோம், கட்டணம் இல்லை. அடுத்தது, மருத்துவ உதவி கோரி விண்ணப்பிக்க வேலூர் முகவரியில் ரேஷன் அட்டை இருக்க வேண்டும் என்ற விதி வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இனிப் பொருந்தாது. எந்த மதத்தவராக இருந்தாலும் அவர்கள் ஆதார் நகலும், வேலை தருபவர் அல்லது பக்கத்துப் பள்ளிவாசல் முத்தவல்லியின் கையெழுத்தும் இருந்தால் போதும். மதம் பாராமல் கொடுக்கும் இந்த உதவி ஸதகா நிதியிலிருந்து வழங்கப்படும். ஜகாத் நிதி அதற்குரியவர்களுக்கே தனிக் கணக்கில் செலவிடப்படும். விண்ணப்பம் தமிழிலும் இந்தியிலும் அச்சிட்டு வைத்திருக்கிறோம். வங்காள மொழியில் எழுதித் தரக்கூடியவர் யாராவது உங்கள் பட்டறையில் இருந்தால் சொல்லி அனுப்புங்கள்.